இங்கிலாந்தில் சமூகப் பணியாளராகப் பதிவான பிறகு: சி.பி.டி.யை ஆண்டு முழுதும் நடத்துவது எப்படி

சமூகப் பணியாளர்களை ஒழுங்குபடுத்தும் சோஷியல் வொர்க் இங்கிலாந்து அமைப்பின் பதிவேட்டில் பெயர் ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது ஆன்லைன் கணக்கில் உள்ள மின்னஞ்சல் முகவரி. விண்ணப்பிக்கும்போது பலரும் பல்கலைக்கழகம் கொடுத்த முகவரியைப் போட்டிருப்பார்கள். படிப்பு முடிந்த சில மாதங்களில் அது செயலிழந்துவிடும். புதுப்பிப்பு நினைவூட்டல்களோ தொடர்ந்து அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். வேலை தரும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) கொடுத்த முகவரியும் வேண்டாம். வேலை மாறினால் அதுவும் கையை விட்டுப் போய்விடும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சமூகப் பணி படித்துவிட்டு இங்கிலாந்து கவுன்சில் ஒன்றில் சேர்ந்தவர்களுக்கும், இங்கேயே படித்து முதல் வேலையில் அமர்ந்தவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது இது. இந்தியாவில் சமூகப் பணிக்குப் பொதுவான உரிமப் பதிவு கிடையாது. எம்.எஸ்.டபிள்யூ. சான்றிதழ் ஒருமுறை கைக்கு வந்தால் ஆயுளுக்கும் போதும். இங்கே நிலைமை வேறு. 'சோஷியல் வொர்க்கர்' என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம். பதிவு இல்லாமல் அந்தப் பெயரில் வேலை செய்ய முடியாது. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கச் சி.பி.டி. எனப்படும் தொடர் தொழில்சார் மேம்பாட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம்: பதிவு போனால் அந்த வேலையில் இருக்க முடியாது, வேலை போனால் ஸ்பான்சர்ஷிப்பும் போகும்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகள், தனித்தனி விதிகள். கிளாஸ்கோவில் வேலை செய்யும் நண்பர் சொன்னதை வைத்து லெஸ்டரில் திட்டமிட வேண்டாம்.

விதியும் தேதிகளும்

பதிவு ஆண்டு டிசம்பர் 1இல் தொடங்கி அடுத்த நவம்பர் 30இல் முடிகிறது. அந்த 12 மாதத்துக்குள் குறைந்தது 2 வெவ்வேறு சி.பி.டி. பதிவுகளை ஆன்லைன் கணக்கில் சமர்ப்பிக்க வேண்டும். அவற்றில் ஒன்றிலாவது பியர் ரிஃப்ளெக்ஷன், அதாவது சக பணியாளர் ஒருவரோடு பேசி அலசியதன் விவரம், இருக்க வேண்டும். இத்தனை மணி நேரம், இத்தனை புள்ளி என்ற கணக்கு எதுவும் இல்லை. முழு நேரம், பகுதி நேரம், மகப்பேறு விடுப்பு என்று எப்படி இருந்தாலும் பதிவில் நீடிக்க விரும்பினால் இதே 2தான்.

புதுப்பிப்புக்கான சாளரம் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை. அதற்குள் மூன்று காரியங்கள் முடிய வேண்டும்: புதுப்பிப்புப் படிவம், கட்டணம், சி.பி.டி. பதிவுகள். இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வராது என்பதை மனதில் வையுங்கள். டைரக்ட் டெபிட்டில் பணம் போய்விட்டதால் புதுப்பிப்பும் முடிந்துவிட்டது என்று நினைத்துப் படிவத்தை நிரப்பாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இன்னொன்று, சி.பி.டி.யை எழுதிச் சேமித்துவிட்டுச் சமர்ப்பிக்க மறந்துவிடுவது. வரைவாகக் கிடப்பது கணக்கில் வராது. மூன்றாவது, கவுன்சிலின் பயிற்சி இணையதளத்தில் முடித்த இ-லேர்னிங் எல்லாம் தானாக ஒழுங்குமுறை அமைப்புக்குப் போய்ச் சேர்கிறது என்ற நம்பிக்கை. போகாது. இரண்டும் சம்பந்தமில்லாத இரண்டு அமைப்புகள்.

வசதியான ஓட்டம் ஒன்று உண்டு. டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் முதல் பதிவு, ஜூலைக்குள் சக பணியாளர் அலசலோடு இரண்டாவது. செப்டம்பரில் படிவமும் கட்டணமும் மட்டும் மிச்சம். நவம்பர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு நேரம் மட்டும் பிரச்சினை இல்லை. பிப்ரவரியில் என்ன யோசித்தோம் என்பது அதற்குள் மறந்திருக்கும், எழுத்து வெறும் பயிற்சிப் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

எது சி.பி.டி.?

ஊர்ப் பழக்கம் இங்கே கொஞ்சம் தடையாக இருக்கும். கருத்தரங்கச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி வைப்பதே மேம்பாடு என்று பழகியவர்கள், 'இந்த ஆண்டு எந்த கோர்ஸுக்கும் அனுப்பவில்லையே, எதை எழுதுவது' என்று திணறுவார்கள். கோர்ஸ் தேவையே இல்லை. வேலையில் நீங்கள் கற்றுக்கொண்டு, அதனால் உங்கள் நடைமுறை மாறியிருந்தால் அது சி.பி.டி.

ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து டீம் மீட்டிங்கில் விவாதித்தது, அனுபவமுள்ளவர் ஒருவரோடு நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்தது, நீங்கள் சேவை செய்த குடும்பம் சொன்ன குறையைக் கேட்டு அடுத்த வீட்டுச் சந்திப்பை வேறு விதமாக அமைத்தது, மாணவர் ஒருவரை உங்களோடு அழைத்துப்போய் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியது எல்லாம் செல்லும். ஆய்வுச் சுருக்கங்களையும் கட்டுரைகளையும் படிக்கக் கவுன்சில்கள் பல 'ரிசர்ச் இன் பிராக்டிஸ்' அமைப்புக்கோ 'கம்யூனிட்டி கேர் இன்ஃபார்ம்' தளத்துக்கோ சந்தா கட்டியிருக்கும். ஊழியர் மின்னஞ்சலைக் கொண்டு இலவசமாக உள்ளே போகலாம். இது தெரியாமலேயே ஆண்டுகளைக் கடத்துகிறவர்கள் உண்டு. சேர்ந்த முதல் மாதத்தில் பயிற்சிப் பிரிவிடம் 'நமக்கு எந்தெந்தச் சந்தாக்கள் இருக்கின்றன' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

புதியவர்களுக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது இறப்பு அல்லது கடும் தீங்குக்குப் பிறகு வெளியிடப்படும் மறுஆய்வு அறிக்கைகளை. பெரியவர்கள் சேவையில் சேஃப்கார்டிங் அடல்ட்ஸ் ரிவ்யூ, குழந்தைகள் சேவையில் சைல்டு சேஃப்கார்டிங் பிராக்டிஸ் ரிவ்யூ. பெரும்பாலானவை உள்ளூர்ப் பாதுகாப்பு வாரிய, கூட்டமைப்பு இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் கவுன்சில் எல்லைக்குள் நடந்ததைப் பற்றிய அறிக்கை ஒன்றை எடுத்து, அதில் சொல்லப்பட்ட தவறுகளில் எது உங்கள் டீமில் இப்போதும் நடக்க வாய்ப்பிருக்கிறது என்று தேடுங்கள். ஒரு நாள் வகுப்பு கொடுப்பதைவிட அதிகம் கிடைக்கும், அலசலுக்குப் பேச விஷயமும் கிடைக்கும்.

அதேசமயம் தீ பாதுகாப்பு, கணினிப் பாதுகாப்பு போன்ற கட்டாய இ-லேர்னிங்கைச் சி.பி.டி.யாக எழுத வேண்டாம். தடை என்று இல்லை. 'இதனால் உங்கள் சமூகப் பணி எப்படி மாறியது' என்ற கேள்விக்கு எழுத ஒன்றும் இருக்காது.

எழுதும் விதம்

சமர்ப்பிக்கும் படிவத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கேள்விகளோடு வரும், மற்றொன்று நீங்களே விருப்பம்போல் எழுதும் வெற்றிடம். முதல் ஆண்டில் கேள்வி உள்ளதையே எடுங்கள். எதையும் விட்டுவிடாமல் அது கையைப் பிடித்து நடத்தும். 400, 500 சொற்கள் தாராளமாகப் போதும்.

ஒவ்வொரு ஆண்டும் ஒரு சிறு பங்குப் பதிவுகளை எடுத்து மதிப்பீட்டாளர்கள் படிக்கிறார்கள். தொழில்முறைத் தரநிலைகள் ஆறில் நான்காவதுதான் சி.பி.டி. பற்றியது. பின்னூட்டத்தைப் பயன்படுத்துவது, சூப்பர்விஷனில் (மேனேஜரோடு நடக்கும் முறையான வழிகாட்டல் சந்திப்பில்) அலசுவது, ஆய்வையும் கோட்பாட்டையும் நடைமுறையோடு இணைப்பது, கற்றதன் தாக்கத்தைக் காட்டுவது, தன் விழுமியங்கள் வேலையை எப்படி பாதிக்கின்றன என்று பார்ப்பது எல்லாம் அதன் உட்பிரிவுகளில் இருக்கின்றன. எழுத உட்காரும் முன் அந்த ஒரு பக்கத்தை ஒருமுறை படித்தாலே எந்தக் கோணத்தில் எழுதுவது என்று பிடிபடும்.

பலவீனமான பதிவு இப்படி இருக்கும்: 'மென்டல் கெப்பாசிட்டி (முடிவெடுக்கும் திறன்) சட்டம் பற்றிய ஒரு நாள் பயிற்சியில் கலந்துகொண்டேன். ஐந்து கோட்பாடுகளையும் கற்றேன். மிகவும் பயனுள்ளதாக இருந்தது. இனி என் பணியில் பயன்படுத்துவேன்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும், அந்தப் பயிற்சிக்குப் போகாமலேயே எழுதியிருக்கலாம்.

அதே பயிற்சியைப் பற்றி வேறொருவர் எழுதுவது:

'எங்கள் டீமில் புழங்கிய பழைய மதிப்பீட்டுப் படிவம், நபருக்கு மூளையிலோ மனதிலோ பாதிப்பு உண்டா என்று முதலில் கேட்டது. முடிவெடுக்க முடிகிறதா என்பதை அதன்பின்தான் கேட்டது. 2021 நவம்பரில் ஜே.பி. வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரிசையைத் தெளிவாக்கியதைப் பயிற்சியில் அறிந்தேன். குறிப்பிட்ட அந்த முடிவை அவரால் எடுக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி. முடியவில்லை என்றால், அது பாதிப்பின் காரணமாகத்தானா என்பது அடுத்தது. பயிற்சிக்குப் பிறகு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப விரும்பிய ஒரு முதியவரை மதிப்பிட்டேன். டிமென்ஷியா என்ற சொல்லிலிருந்து தொடங்காமல், அந்த முடிவுக்கு அவர் அறிந்திருக்க வேண்டிய தகவல்களை முன்கூட்டியே பட்டியலிட்டுக்கொண்டேன்: இரவில் தனியாக இருப்பது, மாத்திரை, மாடிப்படி, ஆபத்தில் யாரை அழைப்பது. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், மொழிபெயர்ப்பாளரோடு சந்தித்தேன். நான்கில் மூன்றை அவரால் எடைபோட முடிந்தது. மேனேஜரோடு பேசியபோது, "மாடிப்படியைப் பற்றிக் கேட்டதை வார்த்தையால் மட்டும் சொன்னாயா, படம் காட்டினாயா?" என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் சந்திப்பில் வீட்டின் புகைப்படத்தோடு போனேன். இப்போது ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் முன் தகவல் பட்டியலைத் தனியாக எழுதுகிறேன்.'

இதில் பயிற்சியைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம் பயிற்சிக்குப் பின் நடந்தது. அந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டாலே போதும். கிப்ஸ் சுழற்சி, 'என்ன, அதனால் என்ன, இனி என்ன' என்ற மூன்று கேள்வி முறை என்று பல அச்சுகளைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த அச்சின் தலைப்புகளுக்கு அடியில் வரிக்கு வரி நிரப்பிய பதிவுகள் படிக்க உயிரற்று இருக்கும். மூன்று கேள்வி முறை போதும். அதிலும் 'இனி என்ன'வில் காலமும் செயலும் சொல்லுங்கள்.

அடையாளம் தெரியும் எந்த விவரமும் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. 'டூட்டிங்கில் வசிக்கும், மூன்று குழந்தைகளோடு வந்த இலங்கைத் தமிழ்த் தாய், கணவர் கோயில் பூசகர்' என்று எழுதினால் பெயரே தேவையில்லை, அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு யார் என்று தெரிந்துவிடும். இடம், இனம், தொழில், அரிய நோய் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்காமல், கற்றதைச் சொல்லத் தேவையானதை மட்டும் வையுங்கள். கேஸ் குறிப்புகளையோ மதிப்பீட்டு அறிக்கையையோ சான்றாகப் பதிவேற்றவே கூடாது.

சக பணியாளரோடு அலசுவது

பியர் என்பவர் உங்கள் படிநிலையில் இருக்கும் இன்னொரு சமூகப் பணியாளராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மேனேஜர், செவிலியர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஆசிரியர் என்று உங்கள் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய வேறு தொழில்முறையாளராகவும் இருக்கலாம். 20 நிமிடம் போதும். முன்கூட்டியே ஒரு பத்தியை அனுப்பிவிட்டு, இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: 'நான் கவனிக்காமல் விட்டது எது? நீங்களாக இருந்தால் எங்கே வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?'

பதிவில் எழுத வேண்டியது, அவர் சொன்னதால் உங்கள் சிந்தனையில் நேர்ந்த மாற்றம். 'நண்பரோடு பேசினேன், அவரும் ஒப்புக்கொண்டார்' என்பது அலசல் ஆகாது. முழுக்க ஒப்புக்கொள்பவரைவிட, கொஞ்சம் முரண்டு பிடிப்பவரைத் தேர்ந்தெடுப்பதே லாபம். நம்மவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. மூத்தவரிடம் 'எனக்கு இது புரியவில்லை' என்று சொல்வது குறைவாகத் தெரியும், அவர் சொன்னதை மறுப்பது மரியாதைக் குறைவாகத் தெரியும். இங்குள்ள சூப்பர்விஷன் கலாச்சாரம் நேர்மாறு. சந்தேகமே இல்லாதவரைப் பார்த்துத்தான் மேனேஜர் கவலைப்படுவார்.

சூப்பர்விஷனுக்குப் போகும்போது அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: ஒரு கேஸ், அதில் தெளிவில்லாத ஒரு இடம், மேனேஜரிடமிருந்து வேண்டிய ஒன்று. இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் முழுதும் 'இந்தக் கேஸ் எங்கே நிற்கிறது, அந்தப் படிவம் போய்விட்டதா' என்று கேஸ்லோடு பட்டியலைப் படிப்பதிலேயே கரைந்துவிடும். மாதாமாதம் அந்த அரைப் பக்கங்களைச் சேர்த்து வைத்தால் ஜூலையில் சி.பி.டி. எழுத வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

தமிழ் தெரிந்த பணியாளருக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். லண்டனில் தமிழர்கள் வாழும் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், கிராய்டன் பக்கம் வேலை செய்தால், 'கொஞ்சம் வந்து மொழிபெயர்த்துத் தர முடியுமா' என்று பக்கத்து மேசையிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். நீங்கள் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை. அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்னொரு சமூகப் பணியாளர், ஒருவேளை அவர்களின் சமூகத்துக்குத் தெரிந்தவர். குழந்தைப் பாதுகாப்பு விசாரணையில் இது இரு தரப்புக்கும் ஆபத்து. உங்கள் சொந்தக் கேஸில் நீங்களே தமிழில் பேசி மதிப்பிட்டால், முக்கியமான பதில்களை அவர் சொன்னபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவு செய்யுங்கள். இந்த எல்லையை எப்படி வகுத்தீர்கள் என்பதே நல்ல சி.பி.டி. பதிவாகும்.

முதல் ஆண்டு: ஏ.எஸ்.ஒய்.இ.

புதிதாகத் தகுதி பெற்றவர்களுக்கு 2012இல் வந்த ஆதரவும் மதிப்பீடும் கலந்த ஓராண்டுத் திட்டம் இது. பதிவில் நீடிக்க இது சட்டக் கட்டாயம் இல்லை. வேலை தருபவர் நடத்துவது. இருந்தாலும் முடித்த சான்றிதழ் இல்லாமல் அடுத்த வேலைக்குப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். வெளிநாட்டு அனுபவத்தோடு வருபவர்களைச் சில கவுன்சில்கள் இதில் சேர்க்கும், சில தனி அறிமுகத் திட்டத்தில் வைக்கும். பத்து ஆண்டு என்.ஜி.ஓ. அனுபவம் இருக்கும்போது 'புதியவர்' என்று சேர்ப்பதைத் தாழ்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சமூகத்தைத் திரட்டுவதில் நீங்கள் இங்குள்ளவர்களைவிடத் தேர்ந்தவராக இருக்கலாம். ஆனால் குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்ற சந்தேகத்தில் நடக்கும் 1989 குழந்தைகள் சட்டத்தின் 47ஆம் பிரிவு விசாரணை, உத்திக் கலந்தாய்விலிருந்து 15 வேலை நாளுக்குள் கூட்ட வேண்டிய குழந்தைப் பாதுகாப்பு மாநாடு, 45 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டிய மதிப்பீடு, நீதிமன்ற அறிக்கை இவையெல்லாம் கைபழக ஒரு ஆண்டு தேவைதான்.

திட்டம் தரும் பாதுகாப்புகளைத் தெரிந்து வைத்திருங்கள், கேட்டால்தான் கிடைக்கும். சூப்பர்விஷன் முதல் 6 வாரம் வாரந்தோறும், அதன்பின் 6 மாதம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறையாவது. வேலைப் பளுவில் 10% குறைத்து அந்த நேரத்தைக் கற்றலுக்கு ஒதுக்க வேண்டும். வாரம் 37 மணி நேர வேலையில் அது கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி. காலண்டரில் முதல் வாரமே ஓர் அரை நாளைத் தொடர் சந்திப்பாகப் பூட்டிவிடுங்கள். 'நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்கிறேன்' என்றால் மூன்றாம் மாதத்துக்குமேல் அந்த அரை நாள் கேஸ் வேலைக்குள் மறைந்துவிடும், யாரும் திருடியதுபோலவே தெரியாது.

ஆண்டுக்குள் சேர வேண்டியவை: தொடக்கத்தில் ஆதரவு மற்றும் மதிப்பீட்டு ஒப்பந்தம், இடைப்பட்ட பரிசீலனைகள், குறைந்தது 3 நேரடிக் கவனிப்புகள் (நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்து மதிப்பிடுவது), சேவை பெறுவோரிடமிருந்தும் மற்ற தொழில்முறையாளர்களிடமிருந்தும் பின்னூட்டம், தொடர்ந்து எழுதும் கிரிட்டிக்கல் ரிஃப்ளெக்ஷன் லாக். கவுன்சிலின் நடப்புக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள், படிவங்கள் அவ்வப்போது மாறுகின்றன.

திட்டம் தடம் புரள்வது பெரும்பாலும் நேரடிக் கவனிப்பில். உங்களை மதிப்பிடும் அசெசர் வர இருந்த நாளில் குடும்பம் சந்திப்பை ரத்து செய்யும், அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளும், அதற்குள் அசெசர் வேறு டீமுக்குப் போய்விடுவார். 10, 11ஆம் மாதத்தில் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க ஓடினால், முதல் கவனிப்புக்கும் கடைசிக்கும் இடையே வளர்ச்சி எதுவும் தெரியாது. மதிப்பீடே வளர்ச்சியைப் பார்க்கத்தான். முதல் கவனிப்பை 3ஆம் மாதம் முடியும் முன் வாங்கிவிடுங்கள், சுமாராகப் போனாலும் பரவாயில்லை. சுமாரான முதல் கவனிப்பு பின்னால் உங்களுக்கே சாதகம். அசெசர் மாறினால் அன்றே மின்னஞ்சலில் எழுதி, யார் பொறுப்பேற்கிறார் என்று பதில் வாங்கி வையுங்கள்.

அந்த லாகில் எழுதுவதையே சுருக்கிச் சி.பி.டி.யாகச் சமர்ப்பிக்கலாம். இரண்டு முறை உழைக்கத் தேவையில்லை. ஆனால் சுருக்கிச் சமர்ப்பித்தே ஆக வேண்டும், ஏ.எஸ்.ஒய்.இ.யில் இருப்பதால் சி.பி.டி.க்கு விலக்கு கிடையாது.

முதல் ஆண்டு முடிந்ததும், தற்காலிகப் பணியாளர்களை அனுப்பும் ஏஜென்சிக்குப் போனால் சம்பளம் கூடும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு: குழந்தைகள் சேவையில் அந்த வழி இப்போது குறுகிவிட்டது. 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த விதிகளின்படி, கவுன்சில்கள் ஏஜென்சி வழியாக எடுக்கும் குழந்தைகள் சேவைப் பணியாளர், தகுதி பெற்ற பிறகு ஏதாவது இங்கிலாந்து கவுன்சிலின் குழந்தைகள் சேவையில் நேரடி ஊழியராகக் குறைந்தது 3 ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு: எந்தச் சிறப்புப் பயிற்சி?

எளிதாக நுழையக்கூடியது பிராக்டிஸ் எஜுகேட்டர், அதாவது பிளேஸ்மென்ட்டுக்கு (களப்பயிற்சிக்கு) வரும் மாணவரை வழிநடத்தி மதிப்பிடுபவர். மாணவர்களுக்கு மொத்தம் 200 நாள் கள அனுபவம் தேவை. வழக்கமான பிரிவு 30 திறன் நாள், 70 நாள் முதல் பிளேஸ்மென்ட், 100 நாள் இறுதி பிளேஸ்மென்ட். முதல் நிலைத் தகுதியோடு 70 நாள் மாணவரை மதிப்பிடலாம். 100 நாள் இறுதி மாணவரைத் தேர்ச்சி, தோல்வி என்று முடிவு செய்ய இரண்டாம் நிலை வேண்டும். கோர்ஸில் சேரும் முன்பே ஒரு மாணவருக்கு ஆன்சைட் சூப்பர்வைசராக, அதாவது பணியிடத்தில் அன்றாடம் வழிகாட்டுபவராக, இருந்து பாருங்கள், கற்பிப்பது பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் மாணவர் கிடைக்காதது. கோர்ஸும் மாணவரும் ஒரே காலத்தில் அமைய வேண்டும், அதனால் பெயர் கொடுக்கும்போதே பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பாளரிடமும் பேசிவிடுங்கள். முதல் நிலை முடித்துவிட்டு இரண்டு ஆண்டு மாணவரே எடுக்காமல் விட்டால் தகுதி மங்கிப்போகும்.

மனநலத்தில் ஆர்வம் இருந்தால் ஏ.எம்.எச்.பி. எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட மனநலத் தொழில்முறையாளர். 2008 நவம்பர் முதல் உள்ள பொறுப்பு இது. சமூகப் பணியாளரோடு செவிலியர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளரும் வரலாம். மருத்துவர் வர முடியாது. மருத்துவர்கள் பரிந்துரைத்தாலும், 1983 மனநலச் சட்டத்தின்கீழ் ஒருவரை மருத்துவமனையில் தடுத்து வைக்க விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று சுதந்திரமாக முடிவெடுப்பது இவர்தான். மேனேஜரும் அதில் கட்டளையிட முடியாது. 2ஆம் பிரிவு என்றால் 28 நாள் வரை ஒருவரின் சுதந்திரம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. பயிற்சி முதுநிலைத் தரத்தில், சோஷியல் வொர்க் இங்கிலாந்து ஏற்ற கோர்ஸாக இருக்க வேண்டும், களப்பயிற்சியும் சேர்ந்தது. பெரும்பாலும் கவுன்சில் தேர்ந்தெடுத்து அனுப்பும். முடித்தாலும் கவுன்சில் அங்கீகரித்தால்தான் வேலை செய்ய முடியும். அந்த அங்கீகாரம் 5 ஆண்டு, அதை வைத்திருக்க ஆண்டுக்கு 18 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சி கட்டாயம். மணிக் கணக்கே இல்லை என்று மேலே சொன்ன விதிக்கு வெளியே இருக்கும் கணக்கு இது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 18 மணியில் கற்ற ஏதாவது ஒன்றைச் சி.பி.டி.யாகவும் எழுதலாம். சேரும் முன் ரோட்டாவை (பணிமுறை அட்டவணையை) கேளுங்கள். நள்ளிரவில் போலீஸும் ஆம்புலன்ஸும் வரும்வரை ஒரு வீட்டு வாசலில் காத்திருப்பது இந்த வேலையின் சாதாரண நாள். சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் வீட்டில் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மூன்றாவது பி.ஐ.ஏ., பெஸ்ட் இன்டரஸ்ட்ஸ் அசெசர். முடிவெடுக்கும் திறன் இல்லாதவர் கேர் ஹோமிலோ மருத்துவமனையிலோ சுதந்திரம் பறிக்கப்பட்ட நிலையில் இருப்பது அவர் நலனுக்கு உகந்ததா, அளவுக்கு மீறியதா என்று மதிப்பிடுபவர். தகுதி பெற்று 2 ஆண்டு அனுபவம் வேண்டும், ஆண்டுதோறும் மேற்பயிற்சியும் வேண்டும். இந்த முறையையே மாற்ற 2019இல் சட்டம் நிறைவேறியது, ஆனால் புதிய ஏற்பாடு 2023 ஏப்ரலில் தள்ளிப்போடப்பட்டது. எது சுதந்திரப் பறிப்பு என்பதை விரிவாக்கிய செஷயர் வெஸ்ட் தீர்ப்பு 2014இல் வந்ததிலிருந்து விண்ணப்பங்கள் குவிந்தபடி இருப்பதால் இந்தத் தகுதிக்குத் தேவை குறையவில்லை. கோர்ஸில் பலர் தடுக்கி விழுவது சட்டத்தில் இல்லை, எழுத்தில். பத்துப் பக்க விவரணையை எழுதிவிட்டு, 'குறைந்த கட்டுப்பாட்டுள்ள மாற்று வழிகள் எவை, ஏன் அவை போதாது' என்ற இடத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பீட்டின் மையமே அந்த இடம்தான்.

பணமும் ஒப்பந்தமும்

இந்தக் கோர்ஸ்களுக்குச் சொந்தக் காசு கட்டுவதற்கு முன் நிறுத்தி யோசியுங்கள். கவுன்சில் ஆதரவு இல்லாமல் களப்பயிற்சியோ மாணவரோ அங்கீகாரமோ கிடைக்காது, சான்றிதழ் மட்டும் கையில் நிற்கும். கவுன்சில் கட்டினால், பயிற்சி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கும். முடித்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மூன்று விஷயங்களைப் பாருங்கள்: காலம் கோர்ஸ் தொடங்கிய நாளிலிருந்தா முடித்த நாளிலிருந்தா, தொகை மாதாமாதம் குறைகிறதா, தேர்ச்சி பெறாவிட்டாலும் கட்ட வேண்டுமா. படிப்பு நாட்கள் எத்தனை, அந்த நாட்களில் உங்கள் கேஸ்களை யார் பார்ப்பார்கள் என்பதையும் மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். படிப்பு விடுப்பு கொடுத்துவிட்டுக் கேஸைக் குறைக்காமல் விட்டால், அந்த விடுப்பு நாளின் வேலையை இரவில்தான் செய்து முடிப்பீர்கள்.

பதிவு விடுபட்டுப் போனால்

நவம்பர் 30க்குள் மூன்றும் முடியாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். நீக்கம் என்று கடிதம் வந்த நாளிலிருந்து சமூகப் பணியாளராக எந்தப் பணியும் செய்யக் கூடாது. மேனேஜரிடம் அன்றே சொல்லுங்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மறைத்துவிட்டு வேலையைத் தொடர்வது, தாமதத்தை ஒழுங்கு நடவடிக்கையாக மாற்றிவிடும். உடனே மீள்பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், விடுபட்ட சி.பி.டி.யையும் காட்ட வேண்டியிருக்கும்.

நீண்ட இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களுக்கு விதி வேறு. 2 ஆண்டுக்குள் என்றால் கூடுதல் நிபந்தனை இல்லை. 2 முதல் 5 ஆண்டு வரை விலகியிருந்தால் 30 நாள், 5 ஆண்டுக்கு மேல் என்றால் 60 நாள், அறிவையும் திறனையும் புதுப்பித்ததைக் காட்ட வேண்டும். மேற்பார்வையோடு கூடிய பணி, முறையான படிப்பு, சொந்தப் படிப்பு மூன்றும் சேரும். சொந்தப் படிப்பு பாதிக்கு மேல் போகக் கூடாது. குழந்தை வளர்க்கவோ ஊரில் பெற்றோரைப் பார்க்கவோ இடைவெளி எடுக்க நினைப்பவர்கள் பதிவை விட்டுவிடுவதா, ஆண்டுக்கு 2 பதிவு எழுதிக் கட்டணமும் கட்டித் தக்கவைப்பதா என்று இந்த நாள் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம். மேற்பார்வையோடு பணி செய்ய இடம் தேடுவதுதான் 60 நாளிலேயே கடினமான பகுதி. முன்பு வேலை செய்த டீமில் யாரோடாவது தொடர்பு இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.